மரங்களுக்கு நடுவே: அகஸ்டாவின் 18 ஹோல்களை ஆடும் கணக்கு

மரங்கள் அடர்ந்த மைதானத்தில் முதல் டீயில் நிற்பவர் கண்ணுக்கு முதலில் படுவது மரம்தான். இரண்டு பக்கமும் சுவர் எழுப்பியதுபோல் தெரியும். கை இறுகும், தோள் திரும்பாது, பந்து எந்த மரத்துக்குப் பயந்தோமோ அதையே தேடிப் போய் முட்டும். இந்த அத்தியாயம் அந்தப் பழக்கத்தை மாற்றுவதற்காக. வழி ஒன்றே ஒன்று: ஹோலைக் கொடியிலிருந்து டீயை நோக்கிப் பின்னாலிருந்து எண்ணுவது. கொடி எங்கே இருக்கிறது, அதற்கு எந்தப் பக்கத்திலிருந்து வருவது எளிது, அந்தப் பக்கத்தில் பந்தை வைக்க டீயில் எந்தக் கிளப் வேண்டும் என்ற வரிசையில் மூன்று கேள்விகள். இதில் மரத்துக்கு வேலையே இல்லை.

இதைக் கற்க அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள அகஸ்டா நேஷனலைப் போன்ற பள்ளிக்கூடம் வேறில்லை. பாபி ஜோன்ஸும் அலிஸ்டர் மெக்கன்ஸியும் சேர்ந்து வடிவமைத்து, 1933 ஜனவரியில் முறையாகத் திறக்கப்பட்ட மைதானம். அதற்கு முன் அந்த இடம் பெர்க்மன்ஸ் குடும்பத்தின் ஃப்ரூட்லேண்ட் நர்சரி. அதனால்தான் 18 ஹோல்களுக்கும் ஒவ்வொரு மரத்தின் அல்லது செடியின் பெயர். உறுப்பினரோ அவருடைய விருந்தினரோ தவிர மற்றவர்கள் அங்கே ஆட முடியாது. ஆனால் 1934 முதல் மாஸ்டர்ஸ் போட்டி அதே மைதானத்தில் நடப்பதால், உலகத்தில் மிக அதிகமானவர்கள் மனப்பாடமாக அறிந்த 18 ஹோல்கள் இவைதான். ஏப்ரலில் தொலைக்காட்சி முன் உட்காரும்போது இந்த அத்தியாயத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் மைதானத்துக்குப் போகும்போது பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் பலரை ஏமாற்றும். அகஸ்டாவின் ஃபேர்வேக்கள் அகலமானவை. ஜோன்ஸுக்கும் மெக்கன்ஸிக்கும் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மேல் தீராத காதல். பந்து போவதற்கு நிறைய இடம் கொடுத்து, எந்த இடம் நல்ல இடம் என்பதை ஆடுபவரே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டார்கள். தொடக்க காலத்தில் மைதானம் இன்றைவிடத் திறந்தவெளியாக இருந்தது. மரங்கள் பின்னால் வளர்ந்தும் நடப்பட்டும் நெருங்கின. ஆகவே இங்கே ஃபேர்வேயில் பந்து கிடந்தால் மட்டும் போதாது. ஃபேர்வேயின் எந்தப் பாதியில் கிடக்கிறது என்பதுதான் பாரையும் போகியையும் பிரிக்கிறது.

கீழே உள்ள தூரங்கள் 2025 மாஸ்டர்ஸ் போட்டிக்கானவை. மொத்தம் 7,555 யார்டு, பார் 72. உறுப்பினர்கள் ஆடும் டீயில் இதைவிட ஆயிரம் யார்டுக்கு மேல் குறையும். குறிப்புகள் வலக்கைக்காரருக்கு, அதிலும் டிரைவரில் 220 யார்டு போகும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரருக்கு எழுதியவை. இடக்கைக்காரர் வளைவுகளை மட்டும் திருப்பிப் படித்துக்கொள்ளலாம்.

முன் ஒன்பது

1. டீ ஆலிவ், பார் 4, 445 யார்டு
மேட்டை நோக்கி ஏறி, லேசாக வலப்பக்கம் திரும்பும் ஹோல். திருப்பத்தில் வலப்புறம் ஆழமான பங்கர். அதைத் தாண்டும் பலம் சில தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குத்தான் உண்டு. நாம் பங்கரின் இடது ஓரத்தைக் குறிவைத்து, அதை எட்டாத கிளப்பை எடுக்க வேண்டும். கிரீனின் இடப்பக்கம் இன்னொரு பங்கர் காத்திருப்பதால் இரண்டாவது ஷாட் வலது முன்பக்கமாகப் போகட்டும். உடம்பு இன்னும் சூடாகாத நேரம். இங்கே 5 எடுத்தால் எதையும் இழந்ததாகாது.

2. பிங்க் டாக்வுட், பார் 5, 585 யார்டு
சரிவில் இறங்கி இடப்பக்கம் திரும்புகிறது. வலமிருந்து இடம் வளையும் டிரா ஷாட்டுக்கு ஏற்ற ஹோல். ஆனால் டிரா மிஞ்சி ஹூக் ஆனால் காட்டுக்குள் இறங்கும் பள்ளம். டிரா வராதவர் வலது பங்கருக்கு முன்னால் நிறுத்திவிட்டு மூன்று ஷாட்டில் போகட்டும். கிரீன் குறுக்கே அகலம், ஆழம் குறைவு, முன்னால் இரண்டு பெரிய பங்கர்கள். 2012இல் லூயி ஊஸ்தைசன் 253 யார்டிலிருந்து 4 அயர்னில் அடித்த பந்து கிரீனின் முன்பக்கத்தில் விழுந்து, சரிவில் வலப்பக்கமாக உருண்டே போய்க் குழியில் இறங்கியது. இரண்டே ஷாட்டில் பார் 5. அந்த அதிர்ஷ்டத்தை யாரும் கேட்டு வாங்க முடியாது. பந்தைக் கொடிக்குப் பறக்கவிடாமல் தரையை உருட்டவிட்ட அந்தக் கணக்கை நாமும் போடலாம்.

3. ஃப்ளவரிங் பீச், பார் 4, 350 யார்டு
மைதானத்தின் மிகச் சிறிய பார் 4. சிறியது என்பதாலேயே டிரைவரைக் கையில் கொடுத்து ஏமாற்றும். இடப்பக்கம் நான்கு பங்கர்கள். அவற்றுக்கு முன்னால் நிறுத்தி, உங்களுக்குப் பிடித்த வெட்ஜின் முழுத் தூரத்தை மிச்சம் வையுங்கள். கிரீனின் இடப்பகுதி ஒடுங்கியது. கொடி அங்கே இருந்தால் அதை மறந்துவிட்டு நடுவில் வையுங்கள். அரைச் சுழற்சியில் அடிக்கும் 50 யார்டு ஷாட்டைவிட முழுச் சுழற்சியில் அடிக்கும் 100 யார்டு ஷாட் எளிது. இந்த ஹோலின் பாடம் அவ்வளவுதான்.

4. ஃப்ளவரிங் கிராப் ஆப்பிள், பார் 3, 240 யார்டு
பார் 3இல் 240 யார்டு. முன்னால் ஒரு பெரிய பங்கர், இடப்பக்கம் இன்னொன்று. நமக்கு இது குட்டிப் பார் 4. பங்கருக்கு முன்னால் நிறுத்தி, சிப் செய்து, ஒரு பட்டிலோ இரண்டு பட்டிலோ முடியுங்கள். மாஸ்டர்ஸ் வரலாற்றில் இங்கே ஒரே ஷாட்டில் குழியில் போட்டவர் 1992இல் ஜெஃப் ஸ்லூமன்.

5. மக்னோலியா, பார் 4, 495 யார்டு
இடப்பக்கத் திருப்பத்தில் இரண்டு ஆழ்ந்த பங்கர்கள். உள்ளே விழுந்தால் பந்தை வெளியே எடுப்பதைத் தவிர வேறு யோசனை வேண்டாம். வலப்பக்கம் ஆடினால் தூரம் கூடும், கூடட்டும். கிரீனின் முன்பகுதி ஏற்றம், அதனால் அரைகுறையாக விழும் பந்து திரும்பி வரும். மூன்று ஷாட்டில் கிரீன், இரண்டு பட், கையில் 5. இந்த ஹோலில் நிம்மதியாக நடந்துபோகிற வழி அதுதான்.

6. ஜூனிபர், பார் 3, 180 யார்டு
உயரமான டீயிலிருந்து கீழே. கிரீன் மாடிப்படிபோல் தட்டுத் தட்டாக இருக்கும். வலது பின்மூலை மேல்தட்டு. தூரத்தைக் கணக்கிடும் முன் கொடி எந்தத் தட்டில் நிற்கிறது என்று பாருங்கள். தட்டு தவறினால் 3 பட் கிட்டத்தட்ட உறுதி.

7. பாம்பஸ், பார் 4, 450 யார்டு
அகஸ்டாவில் மரங்கள் உண்மையிலேயே நெருக்குகிற ஹோல். கிரீன் மேட்டின் மேல். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என்று ஐந்து பங்கர்கள். உருட்டி ஏற்ற வழியில்லை, பறந்துதான் போக வேண்டும். பறக்க வேண்டுமென்றால் புல்லில் சுத்தமாகக் கிடக்கும் பந்து வேண்டும், அதற்கு ஃபேர்வே வேண்டும். ஆகவே டீயில் நேராகப் போகும் கிளப் எதுவோ அது. தூரம் இரண்டாம் பட்சம். மரத்துக்குள் போய்விட்டால் பக்கவாட்டில் வெளியே தட்டி, மூன்றாவதை வெட்ஜில் ஆடுங்கள்.

8. யெல்லோ ஜாஸ்மின், பார் 5, 570 யார்டு
ஏற்றம். வலப்பக்கப் பங்கரைத் தவிர்த்து ஆடினால் இரண்டாவது ஷாட்டில் கிரீன் கண்ணுக்குத் தெரியாது. இடப்பக்கம் மேடுகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கிரீனைச் சுற்றி ஒரு பங்கர்கூட இல்லை. அந்த வேலையை மேடுகள் செய்கின்றன. இரண்டாவது ஷாட்டை ஃபேர்வேயின் வலப்பாதியில் வையுங்கள். அங்கிருந்துதான் நீண்டு ஒடுங்கிய கிரீன் வாய் திறந்து தெரியும். இடப்பக்க மரங்களுக்கு அருகே போனால் அடுத்த ஷாட்டில் மேட்டையும் கிளையையும் ஒன்றாகத் தாண்ட வேண்டிவரும்.

9. கரோலினா செர்ரி, பார் 4, 460 யார்டு
முதலில் இறக்கம், பிறகு கிரீனுக்கு ஏற்றம். கிரீன் பின்னிருந்து முன்னோக்கி அப்படிச் சாய்ந்திருக்கிறது. முன் விளிம்பில் விழும் பந்து ஒரு கணம் நிற்கும், யோசிக்கும், பிறகு மெதுவாக உருளத் தொடங்கி ஃபேர்வேயில் வெகுதூரம் இறங்கிவிடும். 1996இல் கடைசி நாளைப் பெரிய முன்னிலையோடு தொடங்கிய கிரெக் நார்மனுக்கு இங்கே நடந்தது அதுதான். பந்து கிரீனைத் தொட்டது, சுழன்று, சரிவில் கீழே போய்விட்டது. ஏற்றத்துக்காக ஒரு கிளப் கூட எடுங்கள். டீயில் வலப்பக்கம் ஆடுங்கள், ஏனென்றால் கிரீனின் பங்கர்கள் இடப்பக்கம். கொடிக்கு மேலே பந்து நின்றால் பட் பயமுறுத்தும். ஆனாலும் பட்டர் கையில் இருக்கிறதே!

மரத்துக்குள் மாட்டிக்கொண்டால்

பின் ஒன்பதுக்குப் போகும் முன் ஒரு நிறுத்தம், ஏனென்றால் அடுத்து வருவது 10ஆவது ஹோல்.

அகஸ்டாவின் பைன் மரங்களுக்கு அடியில் செடி கொடி கிடையாது. ஊசியிலைச் சருகு மெத்தைபோல் பரவியிருக்கும். பந்து தெரியும், நிற்க இடம் இருக்கும், கிளைகளுக்கிடையில் ஓர் இடைவெளியும் தெரியும். ஆபத்து அந்த இடைவெளிதான். எங்கள் பக்கத்து மலைமைதானம் ஒன்றில் இப்படி ஓர் இடைவெளியைப் பார்த்து நான் 5 அயர்னை எடுத்தபோது, பை தூக்கிவந்த பெரியவர் கேட்டார்: “சார், பத்துப் பந்து குடுத்தா எத்தனை பந்தை அதுல நுழைப்பீங்க?” மூன்று என்றேன். “அப்ப மிச்ச ஏழு பந்து எங்க போகும்னு காட்டுங்க.” காட்ட முடியவில்லை. “சரிண்ணே” என்று வெட்ஜைக் கேட்டு வாங்கி ஃபேர்வேக்குத் தட்டினேன். அன்றிலிருந்து எனக்கு அது சட்டம்: பத்தில் ஏழு நுழையாத இடைவெளி, இடைவெளியே அல்ல.

சருகிலிருந்து ஆடும் முறை தனி. கிளப்பைத் தரையில் ஊன்றாதீர்கள். ஓர் ஊசி நகர்ந்தால் அடுத்தது நகரும், அதோடு பந்தும் நகரும். விதிப்படி சருகை விலக்கலாம். விலக்கும்போது பந்து அசைந்தால் ஒரு ஷாட் அபராதம், பந்தைப் பழைய இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். ஆகவே பந்தை ஒட்டிய சருகைத் தொடாமல் இருப்பதே நல்லது. காலடியில் சருகு வழுக்கும் என்பதால் பாதத்தை நன்றாகப் பதித்து, முக்கால் சுழற்சியோடு நிறுத்துங்கள். பந்தை வழக்கத்தைவிடச் சற்றுப் பின்னால் வைத்து, முதலில் பந்தைத் தொடுமாறு அடியுங்கள். கிளைக்குக் கீழே போக வேண்டுமென்றால் 6 அல்லது 7 அயர்ன் போதும். அதைவிட நீளமான கிளப் ஃபேர்வேயைக் கடந்து எதிர்க்காட்டுக்குள் கொண்டுபோய் விடும்.

ஆடவே முடியாத இடமென்றால் ஒரு ஷாட் அபராதத்தோடு மூன்று வழிகள் உண்டு: முன்பு அடித்த இடத்துக்கே திரும்பலாம், கொடியும் பந்தும் சேரும் நேர்கோட்டில் வேண்டிய தூரம் பின்னால் போகலாம், பந்திலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள், கொடிக்கு அருகே போகாமல் போடலாம். அடர்ந்த காட்டில் மூன்றாவது வழி பெரும்பாலும் இன்னொரு மரத்தடிக்கே கொண்டுபோகும். நேர்கோட்டில் பின்னால் போனால் பக்கத்து ஃபேர்வே கிடைக்கிறதா என்று பாருங்கள். டீயிலிருந்து பந்து காட்டுக்குள் போனது தெரிந்ததும் ‘புரொவிஷனல்’ என்று சொல்லி இன்னொன்றை அடித்துவிட்டு நடங்கள். தேடுவதற்கு மூன்றே நிமிடம்.

பின் ஒன்பது

10. கமீலியா, பார் 4, 495 யார்டு
நீளமாகச் சரிந்து இடப்பக்கம் வளைகிறது. மாஸ்டர்ஸ் வரலாற்றில் மிகக் கடினமான ஹோல்களில் ஒன்று. டிரா அடித்தால் சரிவு பந்தை ஏந்திக்கொண்டு வெகுதூரம் கொண்டுபோகும்; நேராக அடித்தால் மேலேயே நின்றுவிடும். இந்த ஆசையில்தான் ஹூக் பிறக்கிறது. 2011இல் நான்கு ஷாட் முன்னிலையோடு கடைசி நாளைத் தொடங்கிய ரோரி மெக்கில்ராய், இங்கே இடப்பக்கம் இழுத்த பந்து மரத்தில் பட்டு, விருந்தினர் குடில்களுக்கு நடுவே போய் விழுந்தது. அந்த ஹோலில் 7. அன்றைய கணக்கு 80.

அடுத்த ஆண்டே அதற்கு எதிர்க்கதையும் இங்கே நடந்தது. பிளேஆஃபில் பப்பா வாட்சனின் பந்து வலப்பக்கச் சருகுக்குள். அவர் கேப் வெட்ஜில் மரங்களின் திறப்பு வழியாக வெளியே எடுத்து, ஏறக்குறைய 40 யார்டு வளைத்துக் கிரீனில் நிறுத்தி வென்றார். பார்த்தவர்கள் எல்லோரும் மறுநாள் அதே ஷாட்டை அடித்துப் பார்த்தார்கள். அவர் இடக்கைக்காரர், அவருடைய இயல்பான ஹூக் போகும் திசையும் அங்கே கொடி இருந்த திசையும் ஒன்று. தன் பையில் இருந்த ஷாட்டைத்தான் அவர் எடுத்தார். நம் பையில் இருப்பது? டீயில் நடுவுக்கு வலமாக ஒரு ஷாட், கிரீனுக்கு முன்னால் ஒரு ஷாட், ஒரு சிப். கிரீனின் இடப்பக்கம் தரை விழுந்துபோகிறது. அங்கே மட்டும் வேண்டாம்.

11. வைட் டாக்வுட், பார் 4, 520 யார்டு
11இன் பிற்பாதி, 12, 13இன் முற்பாதி ஆகிய இந்தத் துண்டுக்கு ‘ஆமென் கார்னர்’ என்று 1958இல் பெயர் வைத்தவர் பத்திரிகையாளர் ஹெர்பர்ட் வாரன் விண்ட். 11இல் கிரீனின் இடப்பக்கம் குட்டை. பென் ஹோகனுக்கு இங்கே ஒரு கொள்கை உண்டு: இரண்டாவது ஷாட்டில் கிரீனையே குறிவைக்க மாட்டார், வலப்பக்கப் புல்லைத்தான் குறிவைப்பார். பந்து கிரீனில் இருந்தால் அது குறி தவறிய ஷாட் என்று அர்த்தம். ஹோகனே அப்படி ஆடினார் என்றால் நமக்கு என்ன கௌரவக் குறைச்சல்? வலப்பக்கத்திலிருந்து சிப் செய்வதும் தோல்வி ஆகாது. 1987 பிளேஆஃபில் அகஸ்டாவிலேயே பிறந்த லாரி மைஸ் அங்கிருந்துதான், ஏறக்குறைய 140 அடி தூரத்திலிருந்து, நேராகக் குழியில் போட்டு கிரெக் நார்மனை வென்றார்.

12. கோல்டன் பெல், பார் 3, 155 யார்டு
மைதானத்தின் மிகச் சிறிய ஹோல், மிக அதிகம் பேசப்படும் ஹோல். ரேஸ் கிரீக் ஓடைக்கு அப்பால் ஒடுங்கிய கிரீன். முன்னால் ஒரு பங்கர், பின்னால் இரண்டு. மரங்களுக்கு மேலே காற்று ஒரு பக்கம் வீசும், கொடியருகே வேறு பக்கம் வீசும்.

காற்றைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். கிரீன் கிடக்கும் விதத்தைக் கவனிப்பவர்கள் குறைவு. அது டீக்கு நேர்க்குறுக்கே இல்லை, கோணலாகக் கிடக்கிறது: வலப்பக்கம் போகப் போகத் தூரம் கூடுகிறது. வலக்கைக்காரர் சரியாக அடிக்காத பந்து எப்படிப் போகும்? வலப்பக்கம் விலகும், கூடவே தூரமும் குறையும். அதாவது தூரம் கூட வேண்டிய இடத்தில் குறைவான தூரத்தோடு போய் விழும். விழும் கரை வழவழப்பாகச் சாய்ந்திருப்பதால் பந்து ஓடைக்குள் இறங்கிவிடும். இடக்கைக்காரரின் தவறு இதற்கு நேர்மாறாக, கிரீனின் சாய்வோடு ஒத்துப்போகிறது. 2003 முதல் 2014 வரை மைக் வியர், மூன்று முறை ஃபில் மிக்கல்சன், இரண்டு முறை வாட்சன் என்று இடக்கைக்காரர்கள் ஆறு முறை வென்றிருக்கிறார்கள். இந்த ஒரு ஹோல்தான் காரணம் என்று சொல்ல முடியாது, உதவாமல் இருந்திருக்காது.

2019 ஞாயிற்றுக்கிழமை. கொடி வழக்கம்போல் வலப்பக்கம். ப்ரூக்ஸ் கெப்கா, இயன் போல்ட்டர், பிறகு முன்னிலையில் இருந்த ஃப்ரான்செஸ்கோ மோலினாரி, டோனி ஃபினாவ் என்று வரிசையாகப் பந்து தண்ணீருக்குள் போனது. டைகர் வுட்ஸ் கொடிப் பக்கமே போகவில்லை. முன் பங்கருக்கு மேலே, கிரீனின் இடநடுவில் பந்தை வைத்தார், இரண்டு பட், பார், மாலையில் கோப்பை. கொடி எங்கிருந்தாலும் பங்கருக்கு மேலே ஆடுங்கள். 1992இல் ஃப்ரெட் கப்புள்ஸின் பந்து கரைச்சரிவில் உருளாமல் நின்றது உண்மைதான். அதை நம்பி நாம் கிளப் எடுக்க முடியாது.

13. அசேலியா, பார் 5, 545 யார்டு
இடப்பக்கம் கூர்மையாகத் திரும்பும் ஹோல். இடது ஓரமாகவே வரும் கிளையோடை, கடைசியில் கிரீனுக்கு முன்னால் குறுக்கே ஓடுகிறது. 2023இல் டீயைப் பின்னுக்குத் தள்ளி 35 யார்டு நீட்டினார்கள். ஃபேர்வே வலமிருந்து இடமாகச் சாய்ந்திருப்பதால் இரண்டாவது ஷாட்டுக்குப் பந்து உங்கள் பாதத்தைவிட உயரத்தில் இருக்கும். அப்படிக் கிடக்கும் பந்து இடப்பக்கம் இழுக்கும், தண்ணீரும் அங்கேதான். கிளப்பைச் சற்றுக் கீழே பிடித்து, குறியை வலப்பக்கம் நகர்த்துங்கள்.

2010இல் மிக்கல்சன் வலப்பக்கச் சருகில், இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே, 207 யார்டிலிருந்து 6 அயர்னில் ஓடையைத் தாண்டிக் கொடியருகே நிறுத்தினார். எல்லோரும் அந்த ஷாட்டைச் சொல்வார்கள். அடுத்த சின்னப் பட் தவறி அவருக்கு ஈகிள் கிடைக்கவில்லை என்பதைச் சொல்வதில்லை. கிடைத்தது பேர்டி. ஓடைக்கு முன்னால் நிறுத்தி வெட்ஜில் ஆடுபவருக்கும் கிடைக்கக்கூடியது அதுவே.

முன்னால் நிறுத்திவிட்டால் மட்டும் ஆபத்து தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது. 2025இல் மெக்கில்ராய் அப்படித்தான் ஒழுங்காக நிறுத்தினார். பிறகு நூறு யார்டுக்குள்ளிருந்து அடித்த வெட்ஜ் வலப்பக்கம் விலகி ஓடைக்குள் போக, 7 எழுதினார். பாதுகாப்பாக நிறுத்தினால் அடுத்த ஷாட்டும் பாதுகாப்பாகவே போகட்டும்: கிரீனின் நடு, ஒரு கிளப் கூட.

14. சைனீஸ் ஃபர், பார் 4, 440 யார்டு
பங்கரே இல்லாத ஒரே ஹோல். தேவையும் இல்லை, கிரீன் இடமிருந்து வலமாக அவ்வளவு சாய்கிறது. இடப்பக்கம் விழவிட்டு வலப்பக்கம் உருளவிடுங்கள். முன்பகுதியில் பெரிய ஏற்றம் இருப்பதால் அரைகுறை ஷாட் வேண்டாம்.

15. ஃபயர்தார்ன், பார் 5, 550 யார்டு
1935இல் ஜீன் சாரசன் 235 யார்டிலிருந்து 4 வுட்டில் இரண்டாவது ஷாட்டையே குழியில் போட்டது இங்கேதான். கிரீனுக்கு முன்னால் குட்டை. பின்னால் அதிகம் ஓடினால் 16ஆவது ஹோலின் தண்ணீர். ஃபேர்வேயின் இடப்பக்கம் பைன் மரங்கள் உள்ளே நீட்டி நிற்பதால், இடது பாதியில் கிடக்கும் பந்துக்குக் கிரீன் அடைபட்டுப்போகும். டீயில் வலது நடு.

பொறி இருப்பது இரண்டாவதில் அல்ல, மூன்றாவதில். குட்டையை நோக்கித் தரை இறங்குவதால் வெட்ஜ் ஷாட் இறக்கத்தில் நின்று ஆட வேண்டிவரும். பந்து தாழப் பறக்கும், அல்லது கிரீனில் விழுந்து சுழன்று பின்னால் உருண்டு தண்ணீரில் விழும். 2018இல் முந்தைய ஆண்டின் சாம்பியன் செர்ஜியோ கார்சியா ஐந்து பந்துகளை அந்தத் தண்ணீரில் இழந்து 13 எடுத்தார். குட்டைக்கு மிக அருகே போகாதீர்கள். தரை எங்கே ஓரளவு சமமோ, உங்கள் வெட்ஜின் முழுத் தூரம் எதுவோ, அங்கே நிறுத்துங்கள். பந்து தண்ணீரில் போய்விட்டால் திரும்ப எங்கே போடுவது என்பதையும் அதே கணக்கில் முடிவு செய்யுங்கள். நேர்கோட்டில் பின்னால் போக விதி இடம் தருகிறது.

16. ரெட்பட், பார் 3, 170 யார்டு
இடப்பக்கம் முழுக்கத் தண்ணீர், கிரீன் வலமிருந்து இடமாகச் சரிவு. ஞாயிற்றுக்கிழமைக் கொடி இடது கீழ்ப்பகுதியில் இருக்கும். அதை நேராகக் குறிவைக்காமல் நடுவில் விழவிட்டால் சரிவே பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். 2005இல் வுட்ஸ் சிப் செய்தபோதும் கொடியைப் பார்க்கவில்லை. வெகுதூரம் விலக்கி மேட்டில் ஏற்றினார். பந்து திரும்பி இறங்கி, குழியின் விளிம்பில் ஒரு நொடி நின்று, விழுந்தது.

17. நந்தினா, பார் 4, 440 யார்டு
டீயிலிருந்து ஏறக்குறைய 210 யார்டில் இடப்பக்கம் ஒரு பெரிய பைன் மரம் நின்றது. அதிபர் ஐசன்ஹோவர் திரும்பத் திரும்ப அதில் அடித்ததால் அவர் பெயரே மரத்துக்கு ஆகிவிட்டது. 1956இல் கிளப் கூட்டத்தில் அதை வெட்டச் சொன்னார். தலைவர் கிளிஃபோர்ட் ராபர்ட்ஸ் பதில் சொல்லாமல் கூட்டத்தையே முடித்துவைத்தார். 2014 பிப்ரவரியில் பனிப்புயலில் சேதமாகி மரம் அகற்றப்பட்டது. டீ ஷாட்டுக்கு இடம் கூடியது. கிரீனுக்கு முன்னால் உள்ள இரண்டு பங்கர்கள் அப்படியே இருக்கின்றன. ஏற்றத்துக்கு ஒரு கிளப் கூட எடுத்து அவற்றைத் தாண்டுங்கள்.

18. ஹாலி, பார் 4, 465 யார்டு
மரங்களுக்கு நடுவே குழாய்போல் ஒடுங்கிய டீ ஷாட், பிறகு வலப்பக்கத் திருப்பம், கிரீன் வரை ஏற்றம். திருப்பத்தின் இடது மூலையில் இரண்டு பங்கர்கள். 1988இல் சாண்டி லைல் அவற்றில் ஒன்றிலிருந்து 7 அயர்னில் அடித்த பந்து கொடிக்கு மேலே விழுந்து, சரிவில் திரும்பி வந்து நின்றது, பேர்டி, கோப்பை. நாம் அந்தப் பங்கர்களை எட்டுவதில்லை என்பது நமக்கு வரம். அவற்றையே குறியாக வைத்து தைரியமாக அடியுங்கள். இரண்டாவது ஷாட் கிரீனின் முன் பங்கர்களுக்குச் சற்று முன்னால், மூன்றாவது கொடிக்கு. கடைசி ஹோலில் வீரம் காட்டத் தோன்றும். கணக்குச் சீட்டில் வீரத்துக்குத் தனிக் கட்டம் கிடையாது.

உங்கள் மைதானத்துக்கு

அடுத்த முறை ஆடப் போகும்முன் வீட்டிலேயே உட்கார்ந்து ஓர் அட்டையில் 18 வரி எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் மூன்றே குறிப்பு: கிரீனின் எந்தப் பக்கம் தவறினாலும் பரவாயில்லை, அந்தப் பக்கத்துக்கு ஃபேர்வேயின் எந்தப் பாதி தோது, அந்தப் பாதிக்கு எந்தக் கிளப். டீயில் அட்டையைக் கடைசிக் குறிப்பிலிருந்து படித்தால் கிளப் கைக்கு வந்துவிடும்.

ஊட்டியோ கொடைக்கானலோ டெல்லியோ, எந்த மைதானமானாலும் எழுதி முடித்ததும் ஒன்று கவனிப்பீர்கள். பாதிக்கு மேற்பட்ட வரிகளில் டிரைவர் இருக்காது. ‘மரம்’ என்ற சொல்லை எழுத எங்குமே இடம் வந்திருக்காது.